ஈவ் மியூர்ஹெட்டும் கர்லிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் நான் திடீரென்று முக்கியமான ஆள் ஆகிவிடுவேன். பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங்கைப் பார்க்கிறவன் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேள்வி அனுப்புவார்கள். அதுவும் ஒரே கேள்விகள். பாதி ஆட்டத்தைப் பற்றி, பாதி ஈவ் மியூர்ஹெட் என்ற ஒருவரைப் பற்றி. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்ததால் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

யாருங்க இந்த ஈவ் மியூர்ஹெட்?

ஸ்காட்லாந்துக்காரர். 1990 ஏப்ரலில் பெர்த் நகரில் பிறந்தவர். பெர்த்ஷயரின் மலைப்பக்கம் பிளேர் அத்தோல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் பெண்கள் கர்லிங் தங்கத்தை வென்ற பிரிட்டன் அணியின் தலைவி. அந்த ஒலிம்பிக்ஸில் பிரிட்டன் வாங்கிய பதக்கமே மொத்தம் இரண்டுதான், இரண்டும் கர்லிங்கில். தங்கம் இவர் அணிக்கு, வெள்ளி புரூஸ் மோவட்டின் ஆண்கள் அணிக்கு.

நான்கு ஒலிம்பிக்ஸ் ஆடியவர். ஜூனியர் உலகப் பட்டம் நான்கு முறை, ஐரோப்பியப் பட்டம் மூன்று முறை, 2013-ல் உலக சாம்பியன். பட்டியலை மட்டும் பார்த்தால் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போனவர் மாதிரி தெரியும். அது உண்மையில்லை. ஏன் என்பதுதான் கீழே வரும் பதில்களில் பாதி.

கல்லைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்குறாங்க. இது கேரம் மாதிரிதானே?

கேரம் தெரிந்தவருக்கு கர்லிங் சீக்கிரம் பிடிபடும் என்பது சரி. காயை அடித்து விலக்குவது, ஒன்றை இடித்து இன்னொன்றை நகர்த்துவது, எதிரியின் காய்க்குப் பின்னால் ஒளிவது எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் இங்கே குழி கிடையாது. சுமார் 45 மீட்டர் நீளமான பனித்தளத்தின் கோடியில் வட்டங்கள் வரைந்திருக்கும். அதற்குப் பெயர் ஹவுஸ். வெளிவட்டத்தின் குறுக்களவு 3.66 மீட்டர். கல்லை அதன் நடுவே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அடிப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம்.

அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரு அணியும் மாறி மாறி விட்டால் 16 கல். அது ஒரு எண்டு. முடிவில் யாருடைய கல் நடுவுக்கு மிக அருகில் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் புள்ளி. எதிரணியின் சிறந்த கல்லைவிட உள்ளே எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி. இப்படிப் பத்து எண்டு.

எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். இந்த எண்டில் புள்ளி எடுத்தால் அடுத்த எண்டில் அது எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் ஹேமர் கையில் இருக்கும்போது ஒரே ஒரு புள்ளி எடுப்பதற்குச் சில சமயம் யாரும் ஆசைப்படுவதில்லை. இரண்டு எடுக்க வேண்டும், அல்லது எல்லாக் கல்லையும் வெளியே அனுப்பி எண்டைக் காலியாக்கிவிட்டு ஹேமரைத் தக்கவைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் 2018 பியாங்சாங் ஒலிம்பிக்ஸ் கதைக்குத் தேவைப்படும்.

துடைப்பத்தை வெச்சு அப்படி என்னதான் தேய்க்கிறாங்க? சும்மா ஷோவா?

ஷோ இல்லை, மூச்சு வாங்கும் வேலை. கர்லிங் தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் தண்ணீர்த் துளிகளைத் தெளித்து உறைய வைப்பார்கள். தளம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் திட்டுத் திட்டாக இருக்கும். கல் அந்தத் திட்டுகளின் மேல்தான் ஓடுகிறது. அழுத்தித் தேய்த்தால் பனியின் மேற்பரப்பு லேசாகச் சூடாகி உராய்வு குறையும். கல் சில மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவதும் குறையும். அதாவது கல் கையைவிட்டுப் போன பிறகும் அதற்கு உதவி செய்யலாம்.

வளைவதைப் பற்றி ஒரு வேடிக்கை. ஒரு தம்ளரைக் கவிழ்த்துவைத்து, வலஞ்சுழியாகச் சுழற்றி மேசையில் தள்ளிவிடுங்கள்; இடப்பக்கம் வளையும். கர்லிங் கல்லை அதே மாதிரி சுழற்றிவிட்டால் வலப்பக்கம் வளையும். ஏன் என்று இயற்பியல்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கல்லுக்கு அவ்வளவு மவுசு ஏன்? கிரானைட் எல்லா ஊர்லயும் இருக்கே?

கிரானைட் எங்கும் உண்டு, இந்த கிரானைட் இல்லை. ஸ்காட்லாந்தின் தென்மேற்கே, கிளைட் நதி கடலில் கலக்கும் பகுதியில், ஐல்சா கிரெய்க் என்று ஆளில்லாத் தீவு ஒன்று இருக்கிறது. கடலிலிருந்து 338 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் எரிமலை மிச்சம். ஒலிம்பிக்ஸ் கற்கள் அங்கிருந்துதான் வருகின்றன. செய்வது மோக்லின் என்ற ஊரில் இருக்கும் கேஸ் நிறுவனம். 1851 முதல் இதே தொழில்.

அந்தத் தீவில் இரண்டு ரகம் முக்கியம். ‘புளூ ஹோன்’ தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது, அதனால் பனியில் ஓடும் அடிப்பாகத்துக்கு அது. ‘காமன் கிரீன்’ மோதலைத் தாங்கும், அதனால் உடம்புக்கு அது. தீவு இப்போது கடற்பறவைகளின் சரணாலயம், வெடி வைக்க அனுமதி கிடையாது. உதிர்ந்து கிடக்கும் பாறைகளைத்தான் எடுத்துவர முடியும். அதுவும் வருடாவருடம் இல்லை: 2002, 2013, 2020 என்று எப்போதாவது ஒரு முறை. கல் ஒன்று ஏறத்தாழ 19 கிலோ. வீரர்கள் கல்லைச் சொந்தமாகக் கொண்டுவருவதில்லை. துடைப்பமும் காலணியும்தான் அவர்களுடையவை.

ஸ்காட்லாந்துக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன அப்படி ஒரு பந்தம்?

அங்கேதான் ஆட்டம் உருப்பெற்றது. ஸ்டர்லிங் நகரில் 1511 என்று ஆண்டு பொறித்த ஒரு கர்லிங் கல் இருக்கிறது. 1541-ல் பெய்ஸ்லி மடத்துத் துறவி ஒருவர் உறைந்த நீரின் மேல் கல் விட்டுப் போட்டி போட்டதை ஒரு பத்திர எழுத்தர் லத்தீனில் குறித்து வைத்திருக்கிறார். குளத்தில் ஐஸ் பிடித்தால் ஊரே இறங்கி ஆடும்; கல் பனியில் சறுக்கும் சத்தத்தால் இதற்கு ‘உறுமும் ஆட்டம்’ என்றே பெயர். 1838-ல் எடின்பரோவில் சங்கம் அமைத்து விதிகளை எழுதினார்கள். 1842-ல் விக்டோரியா ராணி ஸ்கூன் அரண்மனைக்கு வந்தபோது பனி இல்லை என்பதால் நடன அறையின் பளபளப்பான தரையிலேயே கல் விட்டுக் காட்டினார்களாம். அடுத்த ஆண்டு சங்கத்தின் பெயரில் ‘ராயல்’ சேர்ந்தது.

இன்று ஆட்டம் எல்லாம் கூரைக்குக் கீழே. ஏரியில் ஆடும் ‘கிராண்ட் மேட்ச்’ கடைசியாக நடந்தது 1979 பிப்ரவரியில், மெண்டீத் ஏரியில். 2010 குளிர்காலத்தில் ஏரி உறைந்தும் பாதுகாப்புக் காரணம் சொல்லி நடத்தவில்லை. அதைப் பற்றிப் பேசினால் அங்கே வயதானவர்களுக்கு இன்னும் கோபம் வரும்.

ஒரு நாள் ஸ்காட்லாந்துங்கிறாங்க, ஒரு நாள் கிரேட் பிரிட்டன்ங்கிறாங்க. எந்த டீம்தான் இது?

இரண்டும். உலக சாம்பியன்ஷிப்பிலும் ஐரோப்பியப் போட்டியிலும் ஸ்காட்லாந்து தனி நாடாக ஆடும். ஒலிம்பிக்ஸில் ஸ்காட்லாந்துக்குத் தனி அணி இல்லை, பிரிட்டன்தான். ஆனால் பிரிட்டன் அணி என்று போகிறவர்கள் ஏறக்குறைய எப்போதும் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1924 சாமனி ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்றவர்களும் அப்படித்தான். (அந்தத் தங்கம் அதிகாரபூர்வமானது என்று 2006-ல்தான் ஒலிம்பிக் கமிட்டி ஒத்துக்கொண்டது.)

ஒரே ஆள், ஒரே துடைப்பம், நவம்பரில் நீலத்தில் வெள்ளைச் சிலுவை போட்ட ஸ்காட்லாந்துக் கொடி, பிப்ரவரியில் யூனியன் ஜாக். குழப்பம் நமக்குத்தான், அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஸ்கிப்னா கேப்டன்தானே? அதுக்கு ஏன் தனிப் பேரு?

கிரிக்கெட் கேப்டனைவிடச் சுமை அதிகம். மற்ற மூவர் கல் விடும்போது ஸ்கிப் எதிர்க்கோடியில் நின்று, எங்கே குறி வைக்க வேண்டும் என்று துடைப்பத்தை ஊன்றிக் காட்டுவார். எந்தக் கல்லை அடிப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுப்பார். தேய், நிறுத்து என்று கத்துவார். பிறகு எண்டின் கடைசி இரண்டு கல்லை, பெரும்பாலும், தானே விடுவார். திட்டமும் அவருடையது, திட்டத்தின் கடைசி அடியும் அவருடையது.

அதனால் தோற்றால் கேமரா திரும்புவது ஸ்கிப்பின் முகத்துக்கு. ஐந்தாம் எண்டில் இன்னொருவர் விட்ட மோசமான கல்லால் ஆட்டம் கைநழுவியிருக்கும். யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. ஈவ் மியூர்ஹெட் பதின்ம வயதிலிருந்தே இந்த இடத்தில் நின்றவர்.

அப்பாவே உலக சாம்பியனாமே. அப்ப ஈசியா உள்ள வந்துட்டாங்கன்னு சொல்லலாமா?

அப்பா கார்டன் மியூர்ஹெட் 1999-ல் ஹாமி மக்மில்லனின் அணியில் உலகப் பட்டம் வென்றவர். அண்ணன் கிளென், தம்பி தாமஸ் இருவரும் 2018 பியாங்சாங்கில் பிரிட்டன் ஆண்கள் அணியில் இருந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே ஒலிம்பிக்ஸில். ஆகவே குடும்பம் உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பனித்தளத்தில் கால் வைக்கச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது.

ஆனால் வாசல்வரை கொண்டுவிடலாம். நான்கு ஜூனியர் உலகப் பட்டங்களை (2007, 2008, 2009, 2011) அப்பா விளையாடித் தர முடியாது. இவருக்கு வேறு வழிகளும் இருந்தன. கோல்ஃபில் ஹேண்டிகேப் (திறமை குறைந்தவருக்குத் தரும் சலுகைக் கணக்கு) தேவையில்லாத அளவுக்கு ஆடுவார். அமெரிக்காவிலிருந்து கோல்ஃப் உதவித்தொகையுடன் கல்லூரி அழைப்பு வந்தும் போகவில்லை. பேக்பைப் வாசித்து உலகப் போட்டிகளில் கலந்துகொண்டவரும்கூட. மூன்றில் கர்லிங்கை எடுத்துக்கொண்டார்.

19 வயசுல ஒலிம்பிக்ஸ் ஸ்கிப்! அப்ப என்ன ஆச்சு?

2010 வான்கூவர். அணியில் இருந்த ஜாக்கி லாக்ஹார்ட்டுக்கு 44 வயது. 2002-ல் ஸ்காட்லாந்துக்கு உலகப் பட்டம் வாங்கிக்கொடுத்த ஸ்கிப்பே அவர்தான். அப்படிப்பட்டவருக்கு 19 வயதுப் பெண் ‘அக்கா, இதை இப்படி விடுங்க’ என்று துடைப்பம் காட்ட வேண்டும். நினைத்துப் பாருங்கள்.

மூன்று வெற்றி, ஆறு தோல்வி, ஏழாம் இடம். கதை முடிந்தது என்று எழுதியவர்களும் உண்டு. அடுத்த மாதமே கனடாவின் ஸ்விஃப்ட் கரண்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இறுதி ஆட்டம்வரை போய், ஜெர்மனியின் ஆண்ட்ரியா ஷாப் அணியிடம் தோற்று வெள்ளி வாங்கினார்.

உலக சாம்பியன் ஆனது எப்போ? சோச்சியில வெண்கலம்தானே?

2013 மார்ச், லாட்வியாவின் ரீகா. அன்னா ஸ்லோன், விக்கி ஆடம்ஸ், கிளேர் ஹாமில்டன் ஆகியோருடன் சேர்ந்து இறுதியில் ஸ்வீடனை 6–5 என்று வென்றார். வயது 22, பெண்கள் உலகப் பட்டம் வென்ற ஸ்கிப்களில் அதுவரை அவ்வளவு இளையவர் யாரும் இல்லை. என் கணக்கில் இவர் ஆட்டம் மிகக் கூர்மையாக இருந்தது அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான், 2022-ல் அல்ல.

2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவை 12–3 என்று அடித்த ஆட்டத்தில் ஒரே எண்டில் ஏழு புள்ளி எடுத்தார்கள். அரையிறுதியில் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸிடம் 6–4 தோல்வி. சுவிட்சர்லாந்தை 6–5 என்று வென்று வெண்கலம். அந்த அணியின் பயிற்சியாளர் ரோனா மார்ட்டின். அவரைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

பியாங்சாங்ல கடைசிக் கல்லு. பேசாம ஒரு பாயிண்ட் எடுத்து டை பண்ணியிருக்கலாமே?

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. 2018, ஜப்பானுடன் வெண்கல ஆட்டம். பத்தாம் எண்டு தொடங்கும்போது ஜப்பான் 4–3 முன்னிலை, ஹேமர் மியூர்ஹெட்டிடம். கடைசிக் கல்லால் ஜப்பானின் கல்லை அடித்து விலக்கி இரண்டு புள்ளி எடுத்து அங்கேயே முடிக்கப் பார்த்தார். அடிபட்ட கல் எகிறி இன்னொன்றில் பட்டு, கற்கள் இடம் மாறி, ஜப்பானின் கல்லே நடுவுக்கு மிக அருகில் வந்து நின்றது. 5–3. ஜப்பான் பெண்கள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கர்லிங்கில் அவர்களுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இப்போது இரண்டாம் கேள்வியின் பதிலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்தால் ஆட்டம் கூடுதல் எண்டுக்குப் போகும், ஹேமர் ஜப்பானுக்குப் போகும். அந்த மட்டத்தில் கூடுதல் எண்டில் ஹேமர் இருக்கும் அணிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆக, சமன் செய்வது பாதுகாப்பான வழி இல்லை. தோல்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடும் வழி. கையில் வெற்றிக்கான அடி இருக்கும்போது அதை எடுப்பதே சரியான கணக்கு. கணக்கு சரி, கல் தவறிவிட்டது. இரண்டும் வேறு வேறு.

மெதுவா சறுக்கி விடுற விளையாட்டுல காயம் எப்படி?

கல் விடுபவரின் நிலையை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஒரு கால் முழுக்க மடங்கி மார்புக்குக் கீழே, இன்னொரு கால் பின்னால் நீண்டு, உடம்பு தரையை உரசாத குறை. அந்தக் கோலத்தில் பல மீட்டர் சறுக்கிப் போக வேண்டும். ஒன்பது வயதிலிருந்து தினமும் அதையே செய்தால் இடுப்பு மூட்டு என்ன ஆகும்? பியாங்சாங்குக்குப் பிறகு அதே 2018-ல் இவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. தேய்ப்பவர்களுக்குத் தோளும் முதுகும் போகும்.

2022-க்குத் தகுதியே பெறலைன்னு கேள்விப்பட்டேன். அப்புறம் எப்படித் தங்கம்?

நேரடியாகத் தகுதி பெறவில்லை என்பதுதான் சரி. பெருந்தொற்றால் 2020 உலக சாம்பியன்ஷிப் ரத்தானது. 2021-ல் கால்கரியில் மூடிய வளாகத்தில் நடந்த உலகப் போட்டியில் முதல் ஆறு அணிகளுக்கு ஒலிம்பிக்ஸ் இடம் உறுதி. ஸ்காட்லாந்து எட்டாவது.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். உலக சாம்பியன் ஸ்கிப்பின் அணி என்று பார்க்காமல் பிரிட்டிஷ் கர்லிங் அமைப்பு ஒன்பது பெண்களை ஒரே கூட்டமாக வைத்து, மாற்றி மாற்றி ஆடவிட்டுச் சோதித்தது. மியூர்ஹெட்டும் அந்த ஒன்பதில் ஒருவர், அவ்வளவுதான். அக்டோபரில் ஐந்து பேர் தேர்வானார்கள்: மியூர்ஹெட், விக்கி ரைட், ஜெனிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மாற்று ஆளாக மிலி ஸ்மித். நவம்பரில் நார்வேயின் லில்லிஹாமரில் ஐரோப்பியப் பட்டம். டிசம்பரில் நெதர்லாந்தின் லேவார்டனில் கடைசி வாய்ப்புத் தகுதிப் போட்டி. அதில் ஜெயித்து பெய்ஜிங் இடம். ஒலிம்பிக்ஸுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

பெய்ஜிங்ல லீக்ல நாலு ஆட்டம் தோத்தாங்களே. செமிஃபைனல் எப்படிப் போனாங்க?

மயிரிழையில். சுவிட்சர்லாந்தும் ஸ்வீடனும் முன்னால் போய்விட்டன. மிச்சம் இரண்டு இடம். பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. மூன்றுக்குள் யார் யாரை வென்றது என்று பார்த்தால் அதுவும் வட்டம்: பிரிட்டன் ஜப்பானை, ஜப்பான் கனடாவை, கனடா பிரிட்டனை.

அப்போது எடுப்பது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் விடும் ‘டிரா’ கற்களின் கணக்கை. முதல் எண்டில் ஹேமர் யாருக்கு என்று தீர்மானிக்க, இரு அணியும் ஆட்டத்துக்கு முன் நடுப்புள்ளியைக் குறி வைத்துத் தலா இரண்டு கல் விடும். நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நின்றது என்று லேசரால் அளப்பார்கள். லீக் முழுவதற்குமான அந்தச் சராசரியில் பிரிட்டனுக்கு 35 சென்டிமீட்டர் சொச்சம், ஜப்பானுக்கு 36, கனடாவுக்கு 45 சொச்சம். கனடா வீட்டுக்குப் போனது. பார்வையாளர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் விட்ட கற்கள்தான் பதக்கத்தைத் தீர்மானித்தன. இது விதி எழுதிய கதை என்று உருகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: பத்து சென்டிமீட்டர் சங்கதி, சாமி.

ஃபைனல் ஒன்சைடா போச்சு. ஜப்பான் ஏன் கடைசி எண்டு ஆடாமலேயே கை குலுக்கினாங்க?

இறுதி ஆட்டம் 10–3. ஏழாம் எண்டில் நான்கு புள்ளி எடுத்தபோதே பாதி முடிந்துவிட்டது. ஒன்பதாம் எண்டுக்குப் பிறகு ஜப்பான் கை நீட்டியது. ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தபின் ஆட்டத்தை இழுக்காமல் ஒப்புக்கொள்வது கர்லிங்கில் மரியாதை, கோழைத்தனம் இல்லை. இதே வழக்கத்தில்தான், தேய்க்கும்போது துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால் பட்டவரே கையைத் தூக்கிச் சொல்வதும். எதிரில் இருந்தவர் அதே சட்சுகி ஃபுஜிசாவா, நான்கு ஆண்டுக்கு முன் வெண்கலத்தை எடுத்துக்கொண்டு போனவர். பத்திரிகைகள் பழிவாங்கல் என்று எழுதின. முகங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

துடைப்பத்துல கூட தில்லுமுல்லு நடந்துச்சாமே?

தில்லுமுல்லு என்பது பெரிய வார்த்தை. 2015-ல் புதுவகைத் துணி வைத்த துடைப்பங்கள் வந்தன. தேய்ப்பவர் கல்லை ஏறக்குறைய ஸ்டியரிங் பிடித்த மாதிரி திருப்ப முடிந்தது. விடுபவரின் கைத்திறனுக்கு மதிப்பில்லாமல் போனது. முன்னணி அணிகள் பலவே சேர்ந்து ‘நாங்கள் இதைப் பயன்படுத்த மாட்டோம்’ என்றன. 2016-ல் உலகக் கூட்டமைப்பு ஒரே வகைத் துணிக்கு மட்டும் அனுமதி என்று விதி போட்டது.

இதுல காசு வருமா? எல்லாரும் வேற வேலை பார்க்கிறாங்களாமே?

சோச்சி வெண்கல அணியின் கிளேர் ஹாமில்டன் மருந்தாளுநர். பெய்ஜிங் தங்க அணியின் விக்கி ரைட் செவிலியர், பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைப் பணிக்குத் திரும்பியவர். முழுநேரம் ஆடுகிறவர்களுக்குத் தேசிய லாட்டரிப் பணத்திலிருந்து யூகே ஸ்போர்ட் வழியாக உதவித்தொகை வரும். ஸ்டர்லிங்கில் 2017-ல் திறந்த தேசிய கர்லிங் அகாடமியில்தான் பயிற்சி. ஒலிம்பிக் பதக்கத்துக்கு பிரிட்டன் ரொக்கப் பரிசு தருவதில்லை.

உண்மையான பரிசுப் பணம் கனடாவின் கிராண்ட் ஸ்லாம் தொடர்களில். மியூர்ஹெட் அங்கேயும் போய்ப் பட்டங்கள் வாங்கியவர். இருந்தும் கிரிக்கெட் ஏலத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அழுகை வரும்.

ரோனா மார்ட்டின் பெருசா, ஈவ் மியூர்ஹெட் பெருசா?

வம்பு வளர்க்கவே கேட்கிற கேள்வி. 2002 சால்ட் லேக் சிட்டியில் ரோனா மார்ட்டின் அணி இரண்டு டை-பிரேக்கர் ஆடி அரையிறுதிக்குள் நுழைந்தது. இறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கடைசிக் கல்லால் 4–3. நள்ளிரவைத் தாண்டி பிரிட்டனில் பல லட்சம் பேர் விழித்திருந்து பார்த்தார்கள். 1984-க்குப் பிறகு குளிர்கால ஒலிம்பிக்ஸில் அந்த நாட்டுக்கு அதுவே முதல் தங்கம். அந்தப் பதக்கம் 2014-ல் டம்ஃப்ரீஸ் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போனது தனிச் சோகம்.

ஒரே ஒரு கல் என்றால் ரோனாவின் கல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினைந்து ஆண்டு நிலைத்து நின்றது என்றால் ஈவ். அந்தக் கல்லை டிவியில் பார்த்தபோது ஈவுக்கு 11 வயது.

32 வயசுல ரிட்டயர்மென்ட்? இதுல 40-லயும் ஆடுறாங்களே?

ஆடுகிறார்கள், மேலே ஜாக்கி லாக்ஹார்ட்டைப் பார்த்தோம். ஆனால் 2022 பிப்ரவரியில் ஒலிம்பிக் தங்கம். ஏப்ரலில் ஜெனீவாவில் பாபி லாமியுடன் கலப்பு இரட்டையர் உலகப் பட்டம். முந்தைய நவம்பரின் ஐரோப்பியப் பட்டம் வேறு கையில். ஆறு மாதத்துக்குள் இவ்வளவும் வாங்கிவிட்டு, ஆகஸ்டில் விடைபெற்றார். இடுப்பு ஒன்பது வயதிலிருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆட்டத்தை விட்டாலும் அந்தப் பக்கத்தை விடவில்லை. 2026 மிலான்-கோர்ட்டினா ஒலிம்பிக்ஸுக்கு பிரிட்டன் குழு முழுவதற்கும் தலைமைப் பொறுப்பாளராக அவரைத்தான் நியமித்தார்கள்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கு. எதைப் பார்க்கிறது?

2022 இறுதி ஆட்டம் வேண்டாம், அது ஒருதலைப்பட்சம். அதற்கு முந்தைய அரையிறுதியைப் பாருங்கள், ஸ்வீடனின் அன்னா ஹாசல்போரி அணிக்கு எதிரானது. முதல் எண்டிலேயே ஸ்வீடன் நான்கு புள்ளி எடுத்துவிடும். அங்கே அணைத்துவிடாதீர்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், கூடுதல் எண்டுக்குப் போகும், 12–11. பத்தாம் எண்டு வரும்போது ஹேமர் யாரிடம் என்று மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்; மற்றது தானாகப் புரியும்.